யாராவது வராவிட்டால்

ஜன்னல் வெயில் தையல் மெஷின்மீது சாய்ந்திருக்கிறது. தையல்காரர் முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோகும்போது போன் அடிக்கிறது. மனைவி எடுத்து அவர் காதில் வைக்கிறாள். அரசு மருத்துவமனை நர்ஸ் பேசுகிறார். குடலிறக்க ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் தையல்காரர், “யாராவது வராமப் போனா என்னைக் கூப்பிடுங்கம்மா, உடனே ஓடி வந்துடறேன்” என்று போன வாரம்தான் அவரிடம் சொல்லிவைத்தார்.

“இன்னைக்கு ஒருத்தர் வரலைங்க. நீங்க வர்றீங்களா? காலையில எதாவது சாப்பிட்டீங்களா?”

கவளம் அந்தரத்தில் நிற்கிறது. “பல்லுல பச்சத்தண்ணிகூடப் படலம்மா. இதோ கிளம்பிட்டேன்.” கையிலிருப்பதை என்ன செய்வதென்று தெரியாமல், அருகில் குனிந்திருக்கும் மனைவியின் வாயில் ஊட்டிவிடுகிறார். பேச வழியில்லாமல் கன்னம் உப்ப, சிரித்துக்கொண்டே அவள் கட்டிலுக்கடியிலிருந்து துணிப்பையை இழுக்கிறாள். அவரோ அதற்குள் வாசலில் செருப்பை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.