செகண்ட் முள்

மரிய அருள் ஏழாவது தடவையாகச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, நடுவில் குவிந்திருந்த பிளாஸ்டிக் காயின்களை எதிரே தள்ளினான்.

‘இவ்வளவு பயந்தாங்கொள்ளியா!’ என்று நினைத்துக்கொண்டே அள்ளினார் பாலகுமார்.

கடலூர் கிளப் ஒன்றின் போக்கர் போட்டி. பணம் கிடையாது, கோப்பை மட்டும்தான். இறுதி ஆட்டத்தில் இருவர்: சிதம்பரத்தில் கணக்குப் பேராசிரியரான பாலகுமார், தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் விடும் மரிய அருள். அருளுக்குப் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இரண்டாமிடம்தான்.

பாலகுமாருக்குக் கோப்பை அவசியம். எதிராளியை வெல்லும் வழியைக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் கேம் தியரி பாடத்தை அவர் நடத்துகிறார்; அதில் சேர்ந்தவர்கள் மூன்றே பேர். பத்துப் பேர் சேராவிட்டால் பாடத்தையே தூக்கிவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லிவிட்டார். கோப்பையைக் காட்டினால் இன்னும் ஏழு பேர் சிக்கமாட்டார்களா?

அவர் வழி சுலபமானது. மோசமான சீட்டு வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். செகண்ட் முள் இருபதுக்குள் இருந்தால், பெரிய சீட்டு வந்ததுபோல் பந்தயத்தை ஏற்றுவார். தாண்டியிருந்தால் அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். எப்போது பொய் சொல்லப்போகிறோம் என்று தனக்கே தெரியாதபோது, எதிராளிக்கு எப்படித் தெரியும்?

கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாவது செகண்ட். ஏற்றினார்.

அருள் தன் சீட்டை ஒரு கணம் பார்த்தான். கவிழ்த்தான்.

“என்னா அருளு, ஏலத்துல இப்படியா விட்டுக் குடுப்ப?” என்றார் கிளப் செயலாளர் தேவநாதன்.

“இருக்கட்டும்ண்ணே.”

கடைசியில் மிஞ்சிய நாலைந்து காயின்களை, சீட்டைப் பார்க்காமலேயே மொத்தமாகத் தள்ளிவிட்டான் அருள். தோற்றான்.

பாலகுமாருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆட்டத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கோப்பையை வாங்கியதும் பேசினார். “எதிராளி முகத்தப் படிச்சு ஆடுற காலம் போச்சு. கணக்குத்தான் ஜெயிக்கும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அருளும் தட்டினான்.

வெளியே வந்தால், அருள் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான்.

“ஏறுங்க சார், பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்.”

“எனக்கென்னப்பா அவசரம்?”

“மறைக்காதீங்க சார். ஆரம்பத்துலேருந்து வாட்சையே பாத்துக்கிட்டிருந்தீங்க. வீட்ல யாருக்கோ ஒடம்பு முடியல, வெளிய சொல்லாம ஒக்காந்திருக்கீங்கன்னு புரிஞ்சிடுச்சி. அதான் ரெண்டு ராஜா வந்தும் கவுத்துட்டு, சீக்கிரம் முடிச்சி வுட்டேன்.”

பாலகுமார் கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறுங்க சார்... அவுங்க இப்ப எப்படி இருக்காங்க?”