மங்கலாக வந்தால்தான் அழகு

"நானூறு டாலரா? இந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்கா?"

மகள் மான்-யீயின் கையிலிருந்த காமிராவை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார் ட்சே. காலி சோப்பு டப்பா மாதிரி சத்தம் வந்தது.

"லென்ஸ்கூட பிளாஸ்டிக்தானே? ஃபிலிமுக்குத் தனியா அழணும், கழுவறதுக்குத் தனியா அழணும். போன்ல எடுத்தா ஓசியாச்சே!"

"போன்ல எடுக்கற படத்துல உயிர் இல்லப்பா. லோக் சார் சொல்வார்."

லோக் சார், ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பேட்டையில் ஒரு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைக் காமிரா வகுப்பு நடத்துகிறவர். 'மங்கலாக வந்தால்தான் அழகு. தப்பில்லாத படம் பொய்ப் படம்' என்பது அவர் வேதம். அந்த டப்பாவை மான்-யீக்கு விற்றவரும் அவரேதான்.

ட்சேவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு உறவு முழுக்க வந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் மான்-யீயின் அண்ணன் கா-ஹோய் பெண்டாட்டி பிள்ளையோடு மான்செஸ்டருக்கே குடிபோகிறான். இனி எல்லோரும் ஒரு மேசையில் எப்போது உட்காருவார்களோ, யாருக்குத் தெரியும்?

வறுத்த வாத்து வருவதற்குள் மான்-யீ ஒரு கூடையோடு மேசையைச் சுற்றி வந்தாள்.

"எல்லாரும் போனை இதுல போடுங்க. இன்னைக்கு என் காமிரா மட்டும்தான்."

"ஒண்ணே ஒண்ணாவது போன்ல எடுத்து வெச்சுக்கலாமே, மான்-யீ" என்றாள் அண்ணி.

"வேணாம் அண்ணி. கைவசம் இன்னொண்ணு இருக்குன்னு தெரிஞ்சா, முகத்துல அந்த உண்மை வராது."

"இதையும் லோக் சார்தான் சொல்லியிருப்பார்" என்றார் ட்சே. மேசையே சிரித்தது. போன்கள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழுந்தன.

பேரனை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார் ட்சே. மான்-யீ சுருள் தீரும் வரை எடுத்துத் தள்ளினாள்.

கழுவக் கொடுத்த படங்களை வாங்க அவள் கடைக்குப் போனபோது அண்ணன் மான்செஸ்டர் போய்ச் சேர்ந்திருந்தான்.

"முக்கியமான படமாம்மா?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

மான்-யீ தலையாட்டினாள்.

"காமிராவோட பின்மூடி சரியா மூடிக்கலை. சுருள் முழுக்க வெளிச்சம் பாஞ்சிடுச்சு."

"ஒண்ணுகூடவா வரலை?"

"வேணும்னா ஒண்ணை அச்சுப் போட்டுத் தரேன். வெள்ளையாத்தான் இருக்கும்."

இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

அதை அப்பாவிடம் நீட்டிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றாள் மான்-யீ. ட்சே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பரவாயில்லையே! ஒருத்தர்கூட கண்ணை மூடலை" என்றார்.

"அப்பா..."

"இந்த ஓரத்துல உங்க அண்ணன். இது அண்ணி. இங்க நான். என் மடியில குட்டிப்பய. வாயில நூடுல்ஸ் தொங்குது பாரு..."

தேநீர் போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனவர், போனவர்தான். கெட்டில் கொதித்து அடங்கிய பிறகும் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மான்-யீ அழுதே விட்டாள். லோக் சார் அந்த வெள்ளைப் படத்தை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் இங்க பாருங்க! இது கெட்டுப்போன படமா? அண்ணன் போயிட்டான். அந்த வெறுமையைத்தான் காமிரா காட்டியிருக்கு. லட்ச டாலர் ஜெர்மன் லென்ஸால இதை எடுக்க முடியுமா?"

வகுப்பு கைதட்டியது.

"ஆனா சார், அப்பாவோட எழுபதாவது பிறந்தநாள்..."

"நாள் வரும், போகும். நடந்ததைப் பிடிச்சு வெச்சுக்கணும்னு அலையறதே ஒரு பேராசை, மான்-யீ. கை நழுவ விடக் கத்துக்கோ."

படத்தைச் சுவரில் மாட்டி, அடியில் 'பிரிவு' என்று எழுதியும் வைத்தார். புதிதாகச் சேர்ந்த இருவர் மனம் உருகி அங்கேயே ஆளுக்கொரு காமிரா வாங்கினார்கள். மான்-யீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நாளில் லோக் சார் வீட்டிலும் ஒரு விசேஷம். கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்து. பெரிய ஓட்டலில் ஏற்பாடு. வாசலிலேயே வருகிறவர்களுக்கெல்லாம் வழக்கப்படி சிவப்புச் சாயம் பூசிய முட்டையும் இஞ்சி ஊறுகாயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போன மான்-யீ திகைத்து நின்றாள். பீரங்கி போன்ற லென்ஸ்களோடு இரண்டு டிஜிட்டல் காமிராக்காரர்கள். வீடியோவுக்கு ஒருவர். எடுத்த படம் கூர்மையாக இருக்கிறதா என்று கணினியில் அப்போதைக்கப்போது சரிபார்க்க இன்னொருவர்.

மாமனார் வீட்டு ஏற்பாடாக இருக்கும், பாவம் சார் என்று நினைத்துக்கொண்டாள். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தன் பிளாஸ்டிக் காமிராவை எடுத்தாள். மேடையருகே போய், குழந்தையை ஏந்தி நின்ற லோக் சார் முன்னால் மண்டியிட்டாள்.

"சார், இங்க பாருங்க! குட்டியோட முகத்தை இப்படித் திருப்புங்க..."

லோக் சார் பதறிப்போய் ஒரு கையால் லென்ஸைப் பொத்தினார்.

"முதல்ல அந்த டப்பாவை உள்ளே வை! குறுக்கே நின்னு அவங்க எடுக்கறதையும் கெடுத்துடாதே. இது என்ன வகுப்பா, விளையாடறதுக்கு? என் பையனுக்கு இந்த நாள் திரும்ப வருமா?"