மஞ்சள் நம்பர்

"எந்தப் பாவி என் செவுத்துல நம்பர் போட்டது?"

ஷமீமா போட்ட சத்தத்தில், தாராவியின் அந்தச் சந்து மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.

அவள் வீட்டுப் பச்சைச் சுவரில் மஞ்சள் பெயின்டில் பளிச்சென்று ஒரு எண். பக்கத்து வீட்டிலும் ஒன்று. எதிர்வீட்டிலும் ஒன்று.

"பேட்ஜ் குத்திக்கிட்டு ரெண்டு பேர் வந்தாங்க. மராத்தியில என்னமோ சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றாள் எதிர்வீட்டு ஃபர்ஸானா.

"இதுல என்னத்த வெளங்கணும்? சர்வேதான்! இன்னைக்கு நம்பர் போடுவான், நாளைக்கு புல்டோசர் கொண்டாருவான். ஆம்பிளைங்க வேலைக்குப் போன நேரமாப் பார்த்து வந்திருக்கான் பாரு, திருட்டுப் பய!"

ஷமீமாவின் கணவர் முகைதீன் தோல் பை பட்டறை வைத்திருப்பவர். பட்டறையிலிருந்து தின்னர் டப்பா வந்தது. கிழிந்த துணிகள் வந்தன. பெண்கள் ஆளுக்கொரு சுவராகப் பிடித்துத் தேய்த்தார்கள்.

கடைசி வீட்டுக்கு வந்தபோது அஸ்ரின் சுவரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"என் செவுத்த விட்டுருங்க லாத்தா."

அஸ்ரின் குர்லாவிலிருந்து கைக்குழந்தையோடு வாடகைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்கும். அவள் சத்தம் கேட்காது. புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

"உன் செவுரா? வாடகைக்கு வந்தவளுக்கு ஏதுட்டி செவுரு?"

"இது சர்வே நம்பர் இல்ல லாத்தா. அவசரத்துக்குன்னு சொல்லித்தான் எழுதினாங்க."

"ஆமா! நம்மள வெளிய தள்ள அவனுக்கு அவசரந்தான்!"

பெண்கள் சிரித்தார்கள். அஸ்ரின் மறுபடி வாயைத் திறந்தாள். ஷமீமா விடவில்லை.

"இவளுக்கு ஏன் நம்பர் வேணும் தெரியுமா? நாளைக்கு அதைக் காட்டி ஃபிளாட் கேக்கலாம்ல! சொந்த வீட்டுக்காரி ரோட்டுல நிப்பா, குடி வந்தவ லிஃப்ட்ல போவா. புருஷன் விட்டுட்டுப் போனவளுக்கே இவ்வளவு சாமர்த்தியம்!"

அஸ்ரினின் கண் கலங்கியது. ஆனாலும் சுவரை விட்டு அவள் நகரவில்லை.

"சரி, நீயே வெச்சுக்கோ. நாளையிலருந்து என் பைப்புல தண்ணி பிடிக்க வந்தே, குடத்தை நொறுக்கிப்புடுவேன்."

மறுநாளிலிருந்து அஸ்ரின் குழந்தையை இடுப்பிலும் கேனைக் கையிலும் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தாள். 

"நம்பர்காரி போறா, வழி விடுங்கட்டி," என்று சந்தே கேலி செய்தது.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த முகைதீன், சோற்றில் கை வைத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஷமீமா அலறிய அலறலில் ஃபர்ஸானா ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். ஷமீமா போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள்.

"ஆம்புலன்ஸ் அனுப்புங்க! என் வீட்டுக்காரர் விழுந்துட்டார்!" என்றாள், தெரிந்த இந்தியில்.

"மூச்சு இருக்கா மேடம்? பேசுறாரா?" எதிர்முனையில் நிதானமாக ஒரு பெண் குரல்.

"இருக்கு. வேர்த்து ஊத்துது. கேள்வியெல்லாம் அப்புறம் கேளு, முதல்ல வண்டிய அனுப்பு!"

"எங்கே அனுப்பணும்?"

"தாராவி! தோல் பை முகைதீன் வீடுன்னா எல்லாருக்கும் தெரியும். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க!"

"கேட்டுக்கிட்டு நிக்க நேரம் இல்ல மேடம். உங்க சுவத்துல மஞ்சள் பெயின்ட்ல ஒரு நம்பர் இருக்கும். அதை மட்டும் சொல்லுங்க. எந்தச் சந்துல திரும்பணும்னு டிரைவர் போனுக்கே வழி போயிடும்."

ஷமீமா போனைக் காதில் வைத்தபடியே வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம்? நம்பர் சொல்லுங்க."

வாசலுக்கு ஓடினாள். பச்சைச் சுவர் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எதிர்ச் சுவரும் அப்படித்தான்.

"உங்க வீட்டுல இல்லேன்னா பக்கத்துல ஏதாவது ஒரு வீட்டு நம்பர் போதும் மேடம். சீக்கிரம்!"

ஷமீமா செருப்பு கூடப் போடாமல் கடைசி வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்து கிடந்தது. மெஷினில் பாதி தைத்த துணி. அஸ்ரின் இல்லை. சுவரில் மட்டும் அந்த மஞ்சள் எண்.

"ஏழாயிரத்து முப்பத்தொண்ணு! ஏழாயிரத்து முப்பத்தொண்ணு!" என்று போனில் கத்தினாள்.

"ஏழாயிரத்து முப்பத்தொண்ணா? அங்கே வண்டி அப்பவே கிளம்பியாச்சே. ஒரு லேடி உங்களுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டாங்க. நோயாளி தன்னோட அண்ணன்னு சொன்னாங்க."

சந்து முனையில் சைரன் கேட்டது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால், இடுப்பில் குழந்தையோடு, குறுக்கே நின்ற பைக்குகளை ஒரு கையால் தள்ளிவிட்டு, "ஹடோ! ஹடோ!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தாள் அஸ்ரின்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

முகைதீன் வீடு திரும்பிய அன்று, ஷமீமா தன் பைப்பில் பிடித்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அஸ்ரின் வாசலில் வைத்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். வந்தது கோபம்தான்.

"ஏட்டி, உனக்கு வாயில்லையா? ஆம்புலன்ஸுக்குன்னு அன்னைக்கே கத்திச் சொல்ல வேண்டியதுதானே? நான் அந்தப் பேச்சுப் பேசுறேன், திருப்பி நாலு கேக்க வேண்டியதுதானே? ஒரு நம்பருக்காக இவ்வளவு ஏச்சு வாங்கணுமா நீ?"

அஸ்ரின் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுக் குடத்தை உள்ளே எடுத்து வைத்தாள்.

"குர்லாவுல இவ வாப்பா விழுந்தப்பவும் ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைக்கும் சீக்கிரமாத்தான் வந்துச்சு லாத்தா. எங்க சந்துலதான் நம்பர் இல்ல."