கடைசி வரிப் பொத்தான்

ஓர் இணையக் கடைப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் 'வாங்கு' என்ற பொத்தான் காத்துக் கிடந்தது.

"இப்போ பக்கத்தைத் திறந்த பொண்ணு நீலச் சுங்குடிச் சேலையையே பார்த்துக்கிட்டு இருக்கா. இன்னும் கொஞ்சம் கீழே வந்தா என்னைத் தொட்டுடுவா," என்று ஏங்கியது.

"முதல்ல போன் நம்பரைத் தரட்டும்," என்று சலுகை அறிவிப்பு குதித்து வந்து சேலையை மறைத்தது. அவள் மூடினாள். மறுபடி குதித்தது. அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் கடைக்காரர் தனபாலன் பழகிய கையால் அறிவிப்பை மூடி, பக்கத்தைச் சரசரவென்று அடிவரை தள்ளி, பொத்தானை அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தானே வேலை செய்யுது! அப்புறம் ஏன் யாருமே வாங்கலை?"

"இன்னைக்கும் இவர் விரல்தான்," என்றது பொத்தான்.

தனபாலன் பக்கத்தின் உச்சியில் இன்னொரு சலுகையைச் சேர்த்தார். பொத்தான் மேலும் ஒரு சாண் கீழே போனது.