பொறவு

மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். மகள் இப்படிப் பேசி ஐந்து மாதமாயிற்று.

இரண்டு கைகளாலும் பேசினாள். புருவத்தால் பேசினாள். தோளைக் குலுக்கி, கன்னத்தை உப்பி, பாதியில் கையை உதறி, வேறு ஏதோ சொன்னாள்.

ஜெஸ்பினுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஆறு வயதில் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கேதான் கைப்பேச்சு படித்தாள். தொற்று வந்து பள்ளியை மூடியதும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் யாருக்கும் கைப்பேச்சு தெரியாது.

முதல் மாதம் எல்லோரிடமும் பேசிப் பார்த்தாள். அம்மாவிடம், அப்பாவிடம், பால் கொண்டுவருகிறவரிடம்.

பிறகு நிறுத்திவிட்டாள். கைகள் மடியிலேயே கிடந்தன.

பிள்ளை சமர்த்தாகிவிட்டாள் என்று அம்மா நினைத்திருந்தாள்.

இன்று காலை சுகந்தபாய் டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். ஆஸ்டல் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் யாரோ டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டு வருகிறார். இதுதான் கடைசி வீடு.

அரிசி டின்னில் சாய்த்து வைத்து, எதையோ தொட்டார். திரையில் எட்டுக் கட்டங்கள் வந்தன. எட்டிலும் எட்டு முகங்கள். காத்திருந்திருக்கிறார்கள்.

எட்டு ஜோடிக் கைகளும் ஒரே நேரத்தில் ஆடின.

ஜெஸ்பின் முதலில் அழுதாள். அப்புறம்தான் பேசத் தொடங்கினாள்.

"என்ன சொல்லுதா டீச்சர்?" என்று அம்மா கேட்டாள்.

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சிரித்தார்.

"உங்களப் பத்தித்தான் அக்கா. கூட்டாளிகள்ட்ட குறை சொல்லுதா. எங்க அம்மா எங்கிட்ட பேசவே மாட்டாங்க, சாப்பிடு, குளி, உறங்கு, அவ்வளவுதான்னு."

அம்மா உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். எரிந்துகொண்டுதான் இருந்தது. திரும்பி வந்தாள்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லித் தருவீங்களா டீச்சர்?"

"ஒண்ணு என்ன, பத்து சொல்லித் தாறேன். எது வேணும்? தங்கம்னு சொல்லணுமா?"

அவள் தலையசைத்து மறுத்தாள்.

"பொறவுன்னு எப்படிக் கேக்கணும்?"

"பொறவா? அப்புறம் என்னன்னு கேக்கவா?"

"அண்டி ஆபீசுல எனக்கு அடுத்தாப்புல ஒருத்தி இருந்து முந்திரிக்கொட்ட உடைப்பா. நான் பொறவுன்னு கேட்டாப் போதும், சங்கு ஊதுறது வரைக்கும் பேசுவா."

டீச்சர் ஒரு கையை மார்புக்கு முன்னால் நிறுத்தினார். மற்றக் கையை அதன் மேலாக முன்னே தள்ளினார். புருவத்தை உயர்த்தினார்.

அவள் செய்து பார்த்தாள். புருவம் முதலில் வரவில்லை. நாலாவது தடவை வந்தது.

மத்தியானம் டீச்சர் போய்விட்டார். கூட்டாளிகளோடு பேச்சும் முடிந்து திரை இருண்டது. அவள் மகளுக்குச் சோறு போட்டாள். மீன் குழம்பு ஊற்றினாள்.

ஜெஸ்பின் ஒரு உருண்டை தின்றாள். என்னவோ நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, இடது கையால் காற்றில் எதையோ வரைந்தாள். யாருக்கும் அல்ல. தனக்குத்தான்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். ஒரு கையை நிறுத்தி, மற்றதை அதன் மேலாக முன்னே தள்ளி, புருவத்தை உயர்த்தினாள்.

பொறவு?

ஜெஸ்பினின் வாயில் சோறு அப்படியே நின்றது.

மெல்ல, சந்தேகத்தோடு, இடது கையால் எதையோ சொன்னாள்.

பொறவு?

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை வேகமாயிற்று. ஏதோ ஒரு சண்டை. யாரோ ஒரு உயரமான ஆள். யாரோ விழுகிறார்கள்.

பொறவு?

சட்டென்று மகளின் கை நின்றது. அம்மாவையே உற்றுப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டு, கேள்வியாக முகத்தைச் சாய்த்தாள்.

புரிந்ததா என்று கேட்கிறாள். அது மட்டும் அம்மாவுக்குப் புரிந்தது.

பொய் சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

ஜெஸ்பின் சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பிறகு பாதிச் சோற்றில் எழுந்துபோய், கையைக் கழுவிவிட்டு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

முதலிலிருந்து சொல்வதற்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.