அந்துப்பூச்சிக்குப் பந்தி

‘பிப்ரவரி 11, புதன். நேற்றுக் கலவையில் பீர் கூடிவிட்டது. தவறு என்னுடையதுதான். வந்த அந்துப்பூச்சிகள்: ஒன்றுமில்லை.’

எழுதிவிட்டு விரலை முகர்ந்து பார்த்தாள். சோப்புப் போட்டும் அழுகல் வாடை போகவில்லை. கனிந்து அழுகிய வாழைப்பழம், வெல்லம், கொஞ்சம் பீர். பிசைந்து மரத்தில் பூசினால் அந்துப்பூச்சிகள் மொய்க்கும் என்று மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களெல்லாம் பூச்சிகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய பக்கம் மட்டும் காலி. பீர் சேர்த்ததை வீட்டில் அவள் சொல்லவில்லை.

கலவை வாளியை அம்மா காலால் தள்ளினாள்.

“கருமம், குமட்டுது! இந்த நாத்தம் வீட்டை விட்டுத் தொலைஞ்சு இப்பத்தான் மனுஷங்களா இருக்கோம். இன்னொரு தடவை இதை உள்ள பார்த்தேன், வகுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்!”

“படிக்கிற புள்ள, விடேன்” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை தூக்காமல். “வாளியை வெளிய வச்சுக்கட்டும்.”

“ஆமா, பூச்சிக்குப் பந்தி போடுறா மகராசி. நீங்க போய்ப் பரிமாறுங்க!”

மகள் வாளியோடு தோட்டத்துக்குப் போனாள். மரத்தில் இரண்டு இடங்களில் பூசியிருந்தாள். முழங்கால் உயரத்தில் ஓடில்லா நத்தைகள் சளி ஒழுக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, இடுக்கில் கரப்பான்கள்.

முகத்தின் உயரத்தில் பூசியதோ, வழித்த தட்டு மாதிரி இருந்தது. அணிலாக இருக்குமோ? இல்லை, தனக்குத்தான் பூசத் தெரியவில்லையோ? எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயே இன்னொரு கை தாராளமாகப் பூசிவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

வகுப்பு அன்று சீக்கிரமே முடிந்தது. இருட்டத் தொடங்கும்போது திரும்பியவள், நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். மரத்தின் பக்கம் ஏதோ நக்குகிற சத்தம்.

மாட்டினான் திருடன்! மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை அடித்தாள்.

மரத்தைக் கட்டிப் பிடித்து நின்ற ஆள் திரும்பினார். மீசையெல்லாம் பட்டைத் தூள். கன்னத்தில் நத்தை ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வெளிச்சத்தில் கண் கூச, அப்பா சொன்னார்:

“நாளைக்கு பீர் ஊத்தாம கலக்கு, பாப்பா.”