கியர் இருந்த பக்கம்

கடல் கடந்து கல் அறுக்கும் வேலைக்குப் போன சந்தியாகு, இடது கையை மணிக்கட்டோடு அங்கேயே விட்டுவிட்டு ஒரு வேனோடு ஊர் திரும்பினான். கைக்கு ஈடாக முதலாளி கொடுத்த வேன். அந்த நாட்டு வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். கியர் வலது கைக்கு வரும். இடது முழங்கையால் ஸ்டீயரிங்கை அணைத்துக்கொண்டு அவன் நன்றாகவே ஓட்டினான். இங்கே பதிவு செய்யப் போனபோது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால்தான் நம்பர் என்று சொல்லிவிட்டார்கள். பட்டறையில் மாற்றிக் கொடுத்தார்கள். கியர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது அது இல்லாத கையின் பக்கம்.

மனைவி ஞானப்பூ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகினாள். அவன் கிளச்சை மிதித்து, "ரெண்டு" என்பான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு இழுப்பாள்.

"அடுப்புல இருந்து சட்டிய எறக்குற மாதிரி இழுக்காத புள்ள."

"அப்ப நீங்களே இழுத்துக்கிடுங்க."

இருவரும் சிரிக்கவில்லை.

சோதனைத் திடலில் ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்தார். விளக்கு, பிரேக், எல்லாம் சரி. நம்பர் கிடைத்துவிட்டால் நாளைக்கே மீன் ஏற்றலாம்.

"ஓட்டிக் காட்டுய்யா."

ஞானப்பூ கியரில் கை வைத்தாள்.

"நீ எதுக்கும்மா? எறங்கு."

"நான் சும்மா ஒரு ஓரமா இருந்துக்கிடுறேன் சார்."

"எறங்குன்னு சொல்றேன்ல."

அவள் இறங்கிக்கொண்டாள். ஆய்வாளர் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "ம், எடு."

சந்தியாகு சாவியைத் திருப்பினான். கிளச்சை மிதித்தான். பார்வையை முன்னாலேயே வைத்துக்கொண்டு, "ஒண்ணு" என்றான்.